முப்புரி கண்ட அறிஞர்

நுழையும்முன்

உயிருள்ள உடலில் நிகழும் செயல்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். ஒரு புரதம் எதனால் ஆனது என்பதை அறிந்தால் மட்டும் அதன் செயல் விளங்காது. அது எவ்வாறு மடிந்திருக்கிறது, எவ்வடிவில் நிற்கிறது என்பதையும் அறிய வேண்டும். வசதிகள் குறைந்த காலத்தில் சென்னைக் கிண்டியில் இருந்துகொண்டு அவ்வடிவத்தின் இலக்கணத்தை உலகிற்கு வகுத்தளித்தவர் ஜி. என். இராமச்சந்திரன். தம் ஆய்வுக்கு எழுந்த மறுப்பையே அடுத்த கண்டுபிடிப்பின் வாயிலாக மாற்றிய அப்பெருந்தகையின் வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

கயிறும் தோலும்

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கோவளம் வரையிலும் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரையிலும் விரியும் கடற்கரையில் மீனவர் ஊர்கள் பல உள்ளன. நங்கூரம் இறக்கவும் வலையை இழுக்கவும் மரங்களைப் பிணைக்கவும் அவர்களுக்குக் கயிறு இன்றியமையாதது. தனிப்புரி இழுப்பைத் தாங்காது. மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் அலையின் இழுப்பையும் கயிறு தாங்கும். கடலோடு வாழ்வோர்க்கு இது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் குரோம்பேட்டை உள்ளது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட ஆலை ஒன்று அங்கு இயங்கியதால் அவ்வூருக்கு அப்பெயர் அமைந்தது. மாட்டுத் தோலுக்கும் கடலில் திரியும் சுறாவின் துடுப்புக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றலாம். இரண்டிலும் நிறைந்திருப்பது கொலாஜன் என்னும் ஒரே வகைப் புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுவே. மனித உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொலாஜன்தான்.

அப்புரதத்தின் உள்ளேயும் மூன்று புரிகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன என்பதை 1950களின் நடுப்பகுதி வரை எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அதனை வெளிப்படுத்திய ஆய்வகம் கிண்டியில் இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய சைதாப்பேட்டையை அடுத்த பகுதியே கிண்டி.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவருடைய முன்னோரின் ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரம். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணிதம் உலவியதால், எண்களையும் வடிவங்களையும் மனத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு இளமையிலேயே வாய்த்தது.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையின் தலைமையில் இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இளைஞரின் நாட்டம் இயற்பியலிலேயே இருப்பதை அறிந்த இராமன் அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். ஒளியும் படிகங்களும் இராமனின் ஆய்வுக்களங்கள். அவையே மாணவரின் களங்களும் ஆயின. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இராமச்சந்திரனுக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

அதன்பின் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஊடுகதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பை அறியும் கலையின் முன்னோடியான லாரன்ஸ் பிராக் அப்போது அதன் தலைவர். அங்கு 1949இல் இரண்டாவது முனைவர் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார்.

கிண்டியில் ஓர் ஆய்வகம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறை ஒன்றை நிறுவ விரும்பினார். இராமனின் பரிந்துரையால் அப்பொறுப்பு இராமச்சந்திரனுக்கு வந்தது. 1952இல் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் அவர் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

எதனை ஆராய்வது என்ற கேள்வி அவர்முன் நின்றது. அவ்வாண்டில் இங்கிலாந்து அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு அதுவரை முன்மொழியப்பட்ட அமைப்புகளுள் எதுவும் மனநிறைவு தருவதாக இல்லை என்பதை அவர் உரையாடலில் சுட்டிக்காட்டினார். பலர் முயன்றும் அவிழாத அம்முடிச்சை அவிழ்க்க இராமச்சந்திரன் முடிவு செய்தார்.

ஆய்வுக்கு வேண்டிய பொருள் பெரும்பொருட் செலவின்றிக் கிடைத்தது. முதலில் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையிலிருந்து சுறாத் துடுப்பின் இழைகள் வந்தன. பின்னர் மிகத் தூய கொலாஜன் தேவைப்பட்டபோது, அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காருவின் வால் தசைநாணை அளித்தது. தோல் தொழிலுக்காகத் தோன்றிய நிறுவனம் அடிப்படை அறிவியலுக்குக் கைகொடுத்தது.

மூன்று புரிகள்

இழையின் ஊடே ஊடுகதிரைச் செலுத்தினால் மறுபுறத்திலுள்ள ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளும் வளைவுகளும் பதியும். மூலக்கூறில் எந்தெந்த இடைவெளியில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை அவை காட்டும். ஆனால் ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்பதை அவை நேரடியாகக் காட்டா. அதனை அறிவால் ஊகித்து, உருமாதிரி செய்து, படத்தோடு ஒப்பிட்டே கண்டறிய வேண்டும்.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஒரு வேதியியல் உண்மையைப் பற்றிக்கொண்டனர். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் ஆகும். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசினே. பிறவற்றில் பக்கக் கிளைகள் நீண்டிருக்க, அதில் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே இருக்கும். மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கிக்கொண்டால் நடுவில் இடம் மிகக் குறுகும். அக்குறுகிய இடத்தில் கிளைசின் மட்டுமே பொருந்தும். ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வர வேண்டும் என அவர்கள் முடிவுக்கு வந்தனர். மூன்று சுருள்கள் கொண்ட இந்த அமைப்பு 1954இல் நேச்சர் என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று.

எனினும் ஊடுகதிர்ப் படங்களோடு அம்மாதிரி முழுமையாக ஒத்துவரவில்லை. இராமச்சந்திரன் அதனை மறைக்க முயலாமல் மீண்டும் எண்ணினார். நிலவு பூமியைச் சுற்றிவரும்போது தன்னைத்தானும் சுற்றிக்கொள்கிறது. அதனால் அதன் ஒரே முகம் எப்போதும் பூமியை நோக்கியிருக்கிறது. அதுபோல ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு, பொது அச்சையும் சுற்றிச் சுருண்டால் கிளைசின்கள் எப்போதும் நடுவையே நோக்கியிருக்கும். இந்தச் சுருளின்மேற் சுருள் அமைப்பை இருவரும் 1955இல் வெளியிட்டனர். மூன்று புரிகளைத் தனித்தனியே முறுக்கி, பின் அவற்றை ஒன்றாக முறுக்கும் கயிற்றின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

கிளைசின் நிற்க வேண்டிய இடம் எவ்வளவு முதன்மையானது என்பதை மருத்துவம் பின்னர் உணர்த்தியது. கொலாஜன் சங்கிலியில் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிட்டாலும், எலும்புகள் எளிதில் முறியும் பிறவிநோய் சிலருக்கு உண்டாகிறது.

மறுப்பும் மறுஆய்வும்

புகழோடு மறுப்பும் வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் இணைந்து கொலாஜனை ஆராய்ந்தார். மூன்று சங்கிலிகளும் சுருளின்மேற் சுருளும் அவர்கட்கும் உடன்பாடே. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கி நிற்பதாக அவர்கள் கருதினர். மேலும், மும்மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் எனச் சென்னை மாதிரி கூற, ஒன்றே போதும் என்று அவர்கள் கூறினர்.

உலகப்புகழ் பெற்ற ஆய்வகம் ஒன்றிலிருந்து எழுந்த மறுப்பு, வளர்ந்துவரும் ஓர் இந்தியத் துறையின் நம்பகத்தன்மையையே அசைக்கக்கூடியது. இராமச்சந்திரன் சினங்கொண்டு வாதிடவும் இல்லை. தளர்ந்து ஒதுங்கவும் இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு எல்லாரும் ஏற்ற அளவு எதுவும் உண்டா என்று ஆராய்ந்தார். அத்தகைய அளவு தெளிவாக வகுக்கப்படவில்லை என்பது புலப்பட்டது.

எனவே அவரும் அவருடைய மாணவர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும், அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் அமைப்புகளைத் தேடித் தொகுத்தனர். ஒவ்வோர் இணை அணுவுக்கும் இடையிலுள்ள தொலைவுகளைப் பட்டியலிட்டனர். அதிலிருந்து இயல்பெல்லை, கடையெல்லை என இருவகை எல்லைகளை வகுத்தனர். எடுத்துக்காட்டாக, பிணைப்பில்லாத இரு கார்பன் அணுக்களுக்கு இயல்பெல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடையெல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றே ஓர் ஆங்ஸ்ட்ராம்.

ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை பிற்கால ஆய்வுகள் ஒற்றைப் பிணைப்பையே உறுதி செய்தன. இராமச்சந்திரன் கண்ட முப்புரிச் சுருளோ கொலாஜனின் அடிப்படை அமைப்பாக நிலைத்தது. ஒரு கூறில் பிழை நேர்ந்ததும் மறுகூறில் உண்மை நின்றதும் அறிவியலின் இயல்பே. ஆனால் அந்த மறுப்புக்கு விடைதேடிச் சென்ற வழியில் அவருக்குக் கிடைத்தது கொலாஜனைவிடப் பெரிது.

புரதங்களின் நிலப்படம்

புரதச் சங்கிலியைத் தட்டையான சிறு பலகைகளின் தொடராகக் கருதலாம். அடுத்தடுத்த இரு பலகைகள் ஆல்பா கார்பன் என்னும் ஓர் அணுவில் இணைகின்றன. ஒரே கம்பத்தில் இருபுறமும் கீல்வைத்துப் பூட்டிய இரு கதவுகளைப் போல, அப்பலகைகள் அவ்விடத்தில் திரும்ப முடியும். ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் ஃபை, சை என்னும் இரண்டு சுழற்சிக் கோணங்களைக் கூறினால் போதும். சங்கிலி செல்லும் பாதை தெரிந்துவிடும்.

இவ்விரு கோணங்களும் எல்லா மதிப்புகளையும் ஏற்குமா என்பதே கேள்வி. ஃபை கோணத்தைக் கிடை அச்சிலும் சை கோணத்தைச் செங்குத்து அச்சிலும் 0 முதல் 360 பாகை வரை குறித்து, அவர்கள் ஒரு கட்டத்தாள் அமைத்தனர். ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்களின் தொலைவைக் கணக்கிட்டனர். அணுக்கள் மோதிக்கொண்டால் அந்த இடம் விலக்கப்பட்டது, மோதாவிடில் ஏற்கப்பட்டது. இன்று கணினி நொடிப்பொழுதில் முடிக்கும் இப்பணியை அவர்கள் சிறிய கணக்கிடும் கருவிகளைக் கொண்டு பொறுமையுடன் செய்து முடித்தனர்.

விளைவு வியப்பளித்தது. கட்டத்தாளின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு விலக்கப்பட்ட பகுதியாயிற்று. எஞ்சியவை சில சிறு தீவுகளே. புரதங்களில் முன்பே அறியப்பட்டிருந்த ஆல்பா சுருளும் பீட்டாத் தாளும் கொலாஜன் சுருளும் அத்தீவுகளுக்குள்ளேயே அமைந்தன. எண்ணற்ற வடிவங்களை எடுக்க வல்லவை என நினைக்கப்பட்ட புரதங்கள் சில எளிய விதிகளுக்கு உட்பட்டே மடிகின்றன என்பது தெளிவாயிற்று.

இக்கட்டுரை 1963இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழில் வெளியாயிற்று. முழுமையாக அமைப்பு அறியப்பட்ட புரதங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த காலம் அது. இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்று அது நீங்கா இடம்பெற்றுள்ளது. 1963இலும் 1967இலும் சென்னையில் அவர் கூட்டிய பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கு உலகின் முன்னணி அறிஞர்கள் வந்தனர்.

பிற்கால வாழ்வு

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய அவர், அடுத்த ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து மற்றொரு சாதனை புரிந்தார். பல திசைகளில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவை மீட்டமைக்கும் விரைவான கணித முறையை இருவரும் வகுத்தனர். இன்றைய சி.டி. ஊடுகதிர்ப் பரிசோதனைக்கு அடிப்படையான கணித முறைகளுள் அதுவும் ஒன்று.

1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும் 1977இல் இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் எவால்டு பரிசு வழங்கிச் சிறப்பித்தது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் புரதவியல் பயிலும் மாணவர் எந்நாட்டவராயினும் அவர் பெயரைக் கூறாமல் அப்பாடத்தைக் கடக்க இயலாது.

அறிவியலோடு இசையிலும் மெய்யியலிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. இந்தியத் தருக்க மரபைக் கணித வடிவில் ஆராய்வதிலும் பிற்காலத்தில் ஈடுபட்டார். இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோய் அவரை வருத்தியது. 1945இல் மணந்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரன் இயற்கை எய்தினார். கொலாஜன் தந்து உதவிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் முப்புரிச் சுருளின் பெயர் தாங்கிய அரங்கம் ஒன்று அவர் பணியை இன்றும் நினைவூட்டுகிறது.

இன்றைய ஆய்வகங்களில்

இராமச்சந்திரன் ஆராய்ந்த புரதங்கள் உயிரினங்களின் உடலிலிருந்து பெறப்பட்டவை. இன்றோ மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவைக் கொண்டே உருவாக்கலாம். மனித மரபணுவைச் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இணைத்து எஸ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியாவினுள் செலுத்தினால், அது அம்மனிதப் புரதத்தை உண்டாக்கித் தரும். இதனை மறுகூட்டிணைவுப் புரதம் என்பர். இம்முறையில் உருவான மனித இன்சுலின் 1982இல் மருந்தாகப் பயன்பாட்டிற்கு வந்தது.

ஆய்வுக்காக இவ்வாறு உருவாக்கப்படும் புரதங்களுள் படியெடுத்தல் காரணிகள் குறிப்பிடத்தக்கவை. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் சென்று பற்றிக்கொண்டு, எந்த மரபணு எப்போது செயற்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துபவை அவை. பி53 அத்தகைய ஒரு மனிதப் புரதம். பழுதுற்ற செல் பெருகாமல் காப்பது அதன் பணி. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் அப்புரதத்தின் மரபணு மாற்றமடைந்து காணப்படுகிறது. ஓர் அமினோ அமிலம் மாறி வடிவம் குலைந்தாலும் டி.என்.ஏ.வைப் பற்றும் ஆற்றலை அது இழக்கக்கூடும்.

பாக்டீரியா உருவாக்கும் புரதமும் எப்போதும் சரியாக மடிவதில்லை. சில வேளைகளில் அது திரண்டு பயனற்ற கட்டியாகிவிடும். ஆகவே புரதம் கிடைத்ததா என்பதோடு அது உரிய வடிவில் உள்ளதா என்பதையும் ஆய்வாளர் சோதிக்க வேண்டும். ஊடுகதிராலோ வேறு முறையாலோ ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டதும், அதன் கோணங்களை இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்ப்பர். புள்ளிகள் பல விலக்கப்பட்ட பகுதியில் விழுந்தால் அமைப்பை மீண்டும் ஆராய்வர். உலகப் புரதத் தரவு வங்கியிலுள்ள இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு அவ்வரைபடம் ஓர் உரைகல்.

செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்கொளத்தூரில் உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் மாணவரும், கேம்பிரிட்ஜில் பயிலும் மாணவரும் தம் புரதத்தை அதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்கின்றனர். அண்டையில் கிடைத்த சுறாத் துடுப்பில் தொடங்கிய ஆய்வு அவ்வளவு தொலைவு சென்றது. அதனை அவ்வளவு தொலைவு நடத்தியது, மறுப்பு எழுந்தபோது அதனுள் இருந்த கேள்வியை அடையாளம் கண்டுகொண்ட ஒருவரின் நேர்மையும் உழைப்பும் ஆகும்.

சொல்லும் பொருளும்

புரி – கயிற்றின் தனி இழை
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் நார்
ஊடுகதிர் – எக்ஸ் கதிர்
கீல் – கதவு திரும்ப உதவும் இணைப்பு
உரைகல் – பொன்னின் தரத்தைச் சோதிக்கும் கல்

கற்பவை கற்றபின்

1. கொலாஜனில் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் அமைய வேண்டியதன் காரணத்தை விளக்குக.
2. மூன்று வண்ண நூல்களைத் தனித்தனியே முறுக்கி, பின் ஒன்றாக முறுக்கி, சுருளின்மேற் சுருள் அமைப்பை வகுப்பில் செய்துகாட்டுக.
3. தம் ஆய்வுக்கு எழுந்த மறுப்பை இராமச்சந்திரன் எதிர்கொண்ட முறையிலிருந்து நீவிர் அறிந்துகொண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.